தும்மிக்கொண்டே இருக்கும் பூனை

பூனைக்குச் சளி பிடித்திருக்கிறது என்று, வீட்டில் இருக்கும் பாரசிட்டமால் மாத்திரையில் கால் துண்டை உடைத்துப் பாலில் கரைத்து வைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பிள்ளைக்குக் கொடுக்கிற மருந்துதானே, பூனையை என்ன செய்துவிடும் என்ற நம்பிக்கை. யாரும் கெட்ட எண்ணத்தில் கொடுப்பதில்லை. ஆனால் பாரசிட்டமாலை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. மருந்தே நஞ்சாக மாறி, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகிறது. ஈறு பழுப்பு நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சுத் திணறும். நான்கு கிலோ பூனையைக் கொல்ல 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போதும். அதில் கால் பங்கும் ஆபத்தான அளவுதான். தெரியாமல் கொடுத்துவிட்டிருந்தால் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். மாற்று மருந்து உண்டு. ஆனால் சில மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

மூக்கடைப்புக்குத் தடவும் தைலமும் அப்படித்தான். கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய் எல்லாம் பூனைக்கு விஷம். மேலே பட்டதை நக்கியே சுத்தம் செய்கிற பிராணி அது; நெஞ்சில் தடவியது வயிற்றுக்குப் போய்விடும்.

தும்மலுக்கு வருவோம். இரண்டொரு நாள் தும்மிவிட்டு, வழக்கம்போலச் சாப்பிட்டு விளையாடுகிற பூனையைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். கொசுவத்திப் புகை, சாம்பிராணி, தூசு பறக்கிற கேட் லிட்டர், ஏதாவது ஒன்று காரணமாக இருக்கும். பூனைக் காய்ச்சல் என்று சொல்லப்படும் வைரஸ் தொற்றும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தணிந்துவிடும். மூன்று நான்கு வாரம் தாண்டியும் தும்மலும் மூக்கொழுகலும் நிற்காவிட்டால், அல்லது நின்று நின்று திரும்ப வந்தால், அதற்குக் காரணம் என்ன என்று தேடியாக வேண்டும்.

எங்கள் வீட்டுப் பூனை ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு வாசலில் வந்து நின்ற குட்டி. கண்ணில் பீளை, மூக்கில் பச்சைச் சளி. சரியாயிற்று. அடுத்த தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் மறுபடி அதே தும்மல். அதற்கடுத்த தீபாவளிக்கும் அதே கதை. பட்டாசுப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தோம். பூனை ஹெர்ப்பிஸ் வைரஸைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. குட்டியில் ஒருமுறை தொற்றினால் இந்த வைரஸ் முக நரம்புகளில் ஒளிந்து வாழ்நாள் முழுக்க உடம்பிலேயே இருக்கும். பூனை பயந்தாலோ, வீடு மாறினாலோ, புதுப் பூனை வந்தாலோ விழித்துக்கொள்ளும். பயந்த அன்றே தெரியாது. ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துத்தான் தும்மல் தொடங்கும். பட்டாசு வெடிக்கும் நாட்களில் ஜன்னலைச் சாத்தி, உள்ளறையில் அட்டைப் பெட்டியும் பழைய போர்வையும் வைத்துவிடுவது எங்கள் வீட்டில் இப்போது வழக்கமாகிவிட்டது.

கலிசி என்பது இன்னொரு வைரஸ். நாக்கிலும் வாயிலும் புண் வரும், எச்சில் வடியும். இந்த இரண்டும் மனிதர்களுக்குத் தொற்றாது. வீட்டில் குழந்தை இருக்கிறது என்று தும்முகிற பூனையை மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வைரஸ் அடங்கிய பிறகும் அது செய்த சேதம் இருக்கும். மூக்குக்குள் இருக்கும் மெல்லிய சுருள் எலும்புகளை அரித்துவிட்டால் அந்த இடத்தில் சளி தேங்கும், தேங்கிய சளியில் பாக்டீரியா வளரும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். இதுதான் நாள்பட்ட மூக்கழற்சி. இதை முற்றிலும் குணமாக்குவது அரிது. கட்டுக்குள் வைத்து நல்லபடியாக வளர்க்கலாம். இதைத் தெளிவாகச் சொல்லாததால்தான் பலர் மாதம் ஒரு ஆஸ்பத்திரி மாற்றிப் பணத்தையும் இழந்து நம்பிக்கையையும் இழக்கிறார்கள்.

தும்மல் எல்லாமே வைரஸ் அல்ல. ஒரு நாசியில் மட்டும் சளி வடிந்தால், அதில் ரத்தம் கலந்தால், மூக்குத் தண்டு மேடிட்டால் தாமதிக்காதீர்கள். வயதான பூனை என்றால் கட்டியாக இருக்கலாம். லிம்ஃபோமா என்ற புற்றுநோய் பூனையின் மூக்கில் வருவதுண்டு. மேல்வரிசைக் கோரைப்பல்லின் வேர் சீழ் பிடித்து மூக்குக்குள் துளை விழுந்திருக்கலாம். திடீரென்று ஓயாமல் தும்மி மூக்கைக் காலால் தேய்த்தால் அருகம்புல் துண்டு ஒன்று உள்ளே மாட்டியிருக்கலாம். இளம் பூனை தூங்கும்போது குறட்டை விட்டால் தொண்டைக்கு மேலே சதை வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புறா எச்சம் படிந்த பால்கனியில் திரியும் பூனைக்குக் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை மூக்கில் குடியேறலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. வாயைத் திறந்து பல்லைக்கூடப் பார்க்காமல் மூன்றாம் முறையாக அதே ஊசி போடப்பட்டால், கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

என்ன கேட்கலாம்? இந்த ஊசியில் என்ன மருந்து, இதில் ஸ்டீராய்டு உண்டா என்று கேளுங்கள். ஸ்டீராய்டு போட்டால் அன்றைக்குப் பூனை தெளிந்துவிடும். ஆனால் ஹெர்ப்பிஸ் வைரஸைத் தட்டி எழுப்பும் மருந்துகளில் அதுவும் ஒன்று. இரண்டு துளி ரத்தத்தில் செய்யும் எஃப்.ஐ.வி., எஃப்.ஈ.எல்.வி. சோதனை தேவையா என்று கேளுங்கள். எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் அந்த வைரஸ்கள் இருந்தால் சளி விடவே விடாது. மூக்குச் சளியை மட்டும் கல்ச்சருக்கு அனுப்பினால் நலமான பூனையின் மூக்கிலும் இருக்கும் கிருமிகளே வளரும். மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன் எடுப்பதும், உள்ளே கேமரா விட்டுச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பதும்தான் உண்மையைச் சொல்லும். டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதினால் அதை விழுங்கவைத்த உடனே கொஞ்சம் தண்ணீரோ உணவோ கொடுத்தே ஆக வேண்டும். தொண்டையில் ஒட்டிக்கொண்டால் உணவுக்குழாய் புண்ணாகிச் சுருங்கிவிடும். எல்-லைசின் பொடிக்குச் செலவழிக்காதீர்கள். 2015-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு அதனால் பயனில்லை என்று காட்டிவிட்டது. ஹெர்ப்பிஸுக்கு வேலை செய்வது ஃபாம்சிக்ளோவிர். மனிதர்கள் சாப்பிடும் அசைக்ளோவிர் மாத்திரை பூனைக்கு ஆகாது.

செலவுக்குப் பயந்து பேசாமல் இருந்துவிட வேண்டாம். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளிலும் சிகிச்சை உண்டு.

1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவர்தான் தன் பொறுப்பில் வைத்தியம் செய்யலாம். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. மருந்துச் சீட்டு, சோதனை முடிவு, பில் மூன்றையும் ஒரு கவரில் சேர்த்து வையுங்கள். அடுத்த மருத்துவருக்கும் அவை உதவும். அலட்சியத்தால் பூனைக்குக் கேடு வந்தால் மாநிலக் கால்நடை மருத்துவக் குழுமத்தில் புகார் செய்யலாம். கட்டணம் வாங்கிச் செய்த வைத்தியமென்றால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வக்கீல் கட்டாயமில்லை. ஆலோசனைக்கு 1915 என்ற எண் இருக்கிறது.

கடையில் குட்டி வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. 2018-ஆம் ஆண்டின் விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவாகியிருக்க வேண்டும். மூக்கொழுகும் குட்டியைக் "கூண்டு மாறினால் சரியாகிவிடும்" என்று சொல்லி விற்றால் பில்லை வாங்காமல் விடாதீர்கள். சட்டம் நமக்கும் கடமை வைத்திருக்கிறது. பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அதில் எழுதியிருக்கும் அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய். இத்தனை ஆண்டாகியும் அந்தத் தொகை இவ்வளவு சிறியதாகவே இருப்பது நமக்குப் பெருமை அல்ல.

ஹெர்ப்பிஸுக்கும் கலிசிக்கும் போடும் தடுப்பூசி தொற்றை முழுக்கத் தடுக்காது. ஆனால் நோயின் கடுமையைக் குறைக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், குட்டிக்குப் பதினாறு வாரமாகும் வரை போட வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. வெந்நீர் திறந்துவிட்டு ஆவி நிறைந்த குளியலறையில் பூனையோடு பத்து நிமிடம் உட்காருங்கள். தண்ணீரில் தைலம் எதுவும் வேண்டாம். காய்ந்த சளியை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். வேறு பூனைகள் இருந்தால் தட்டைத் தனியாக வையுங்கள். சாப்பாட்டை லேசாகச் சூடாக்கிக் கொடுங்கள். பூனை வாசனை பிடித்துத்தான் சாப்பிடும். மூக்கடைத்தால் பசி இருந்தும் உண்ணாது. இரண்டு மூன்று நாள் வயிறு காய்ந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும், அதிலும் குண்டுப் பூனைக்கு. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே கிளம்புங்கள். நெத்திலியை வைத்தும் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகிற பூனையை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.