வெண்டலைக் கழுகும் உடைந்த முட்டைகளும்

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் அரசு முத்திரையில் 1782ஆம் ஆண்டு முதல் ஒரு கழுகின் உருவம் இடம் பெற்றுள்ளது. வழுக்கைத் தலைக் கழுகு என்று பொருள்படும் பெயரால் ஆங்கிலத்தில் அதனை வழங்குவர். உண்மையில் அதன் தலை வழுக்கையன்று. தூய வெண்ணிற இறகுகளால் மூடப்பெற்றது. ஆகவே, வெண்டலைக் கழுகு என்னும் பெயரே அதற்குப் பொருத்தமாகும். நாட்டின் சின்னமாகப் போற்றப்பெற்ற இப்பறவை, அலாஸ்கா நீங்கலாக அந்நாட்டின் பெரும்பகுதியில் மறைந்துபோகும் நிலையை ஒரு காலத்தில் எய்தியது. அதன் காரணம் கண்டறியப்பெற்ற வரலாறு, பொறுமையுடன் எண்ணிக் குறித்து வைப்பதன் பயனை நன்கு விளக்கும்.

பறவையின் இயல்பு

வெண்டலைக் கழுகு வட அமெரிக்காவுக்கே உரியது. ஏரி, ஆறு, கடற்கரை ஆகியவற்றை அடுத்து வாழ்ந்து, பெரும்பாலும் மீனையே உணவாகக் கொள்கிறது. ஏறக்குறைய ஐந்தாம் வயதில்தான் இதன் தலையும் வாலும் முழு வெண்மையடைகின்றன. உயர்ந்த மரங்களில் சுள்ளிகளைக் கொண்டு கூடு கட்டி, ஆண்டுதோறும் அதனையே பெரிதாக்கிக் கொண்டு போகும். பிளாரிடா மாநிலத்தில் அளக்கப்பெற்ற ஒரு கூடு, ஏறக்குறைய 3 மீட்டர் அகலமும் 6 மீட்டர் ஆழமும் உடையதாயிருந்தது.

பேடை வழக்கமாக இரண்டு முட்டைகளே இடும். ஏறக்குறைய 35 நாட்கள் அடைகாத்தபின் குஞ்சு வெளிப்படும். வளர்ந்த பறவைகள் நெடுங்காலம் உயிர் வாழ்பவை. ஆதலின், குஞ்சுகள் பொரியாமற் போகும் ஆண்டுகளிலும் வானில் கழுகுகள் வழக்கம்போல் பறந்துகொண்டிருக்கும். இனம் அழிந்து வருவது வெளிப்பார்வைக்குப் புலனாகாது.

ஒரு முதியவரின் கணக்கு

மீனையும் ஆட்டுக்குட்டியையும் கவர்ந்து செல்லும் பகையெனக் கருதி, மக்கள் இக்கழுகுகளைச் சுட்டு வீழ்த்தி வந்தனர். அலாஸ்காவில் 1917 முதல் 1953 வரையிலான காலத்தில், கழுகைக் கொன்றவர்களுக்குப் பரிசுப் பணமும் வழங்கப்பட்டது; இதனால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கழுகுகள் மாண்டன. இப்பறவையைக் கொல்வதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1940இல் இயற்றப்பெற்றது. எனினும், துப்பாக்கியினும் கொடியதொரு பகை பின்னர்த் தோன்றிற்று.

அதனை முதலில் உணர்ந்தவர் சார்லஸ் புரோலி. கனடாவிலுள்ள வின்னிப்பெக் நகரில் பாங்கு நிர்வாகியாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்ற இவர், 1939 முதல் பிளாரிடாவின் மேற்குக் கரையில் கழுகுக் கூடுகளை நாடிச் சென்றார். முதுமையையும் பொருட்படுத்தாது கயிற்றேணியின் உதவியால் மரங்களில் ஏறி, குஞ்சுகளின் கால்களில் எண் பொறித்த வளையங்களை மாட்டினார். பிளாரிடாவில் பிறந்த இளங்கழுகுகள் கோடையில் கனடா வரை செல்கின்றன என்னும் செய்தி இவ்வளையங்களினாலேயே தெரியவந்தது.

தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 150 குஞ்சுகளுக்கு அவர் வளையமிட்டார். 1947 முதல் இத்தொகை குறையலாயிற்று. 1952க்கும் 1957க்கும் இடையில், கூடுகளில் நூற்றுக்கு 80 வீதம் குஞ்சின்றிப் போயின. 1958இல், 160 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்கரையைச் சுற்றிய பின்னரே ஒரேயொரு குஞ்சு அவர் கண்ணிற்பட்டது. டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லியே இதற்குக் காரணமாகலாம் என்ற ஐயத்தை அவ்வாண்டு அவர் வெளியிட்டார். மெய்ப்பிக்கும் சான்று கிடைப்பதற்கு முன்பே, 1959இல் காலமானார்.

முட்டையோடு கூறிய சான்று

பிரிட்டனில் டெரெக் ராட்கிளிப் என்னும் விஞ்ஞானி, வேட்டைப் பறவைகளின் முட்டையோடுகள் முன்னிலும் மெலிந்துவிட்டதை 1967இல் அறிவித்தார். அதனைத் தொடர்ந்து அமெரிக்காவில் ஜோசப் ஹிக்கி, டானியல் ஆண்டர்சன் ஆகிய இருவரும், பொருட்காட்சிச் சாலைகளிலும் பிறரிடத்தும் சேகரித்து வைக்கப்பட்டிருந்த பழைய முட்டையோடுகளை ஆராய்ந்தனர். ஒவ்வொன்றிலும் அது எடுக்கப்பெற்ற ஆண்டு குறிக்கப்பட்டிருந்தமை பெருந்துணையாயிற்று. நலிந்துவரும் மூன்று வேட்டைப் பறவை இனங்களின் ஓடுகள் நூற்றுக்கு 19 வீதமோ அதற்கு மேலோ மெலிந்துள்ளன என்றும், அம்மாற்றம் 1947இல் தொடங்கியது என்றும் 1968இல் அவர்கள் வெளியிட்டனர். அம்மூன்றனுள் வெண்டலைக் கழுகும் ஒன்று. புரோலியின் கணக்கில் குஞ்சுகள் குறையத் தொடங்கியதும் அதே 1947ஆம் ஆண்டேயாகும்.

நிலத்தில் தெளிக்கப்பெறும் டி.டி.டி. மழைநீருடன் ஏரிகளையும் கடலையும் அடைகிறது. நுண்ணுயிர்களிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கும் செல்லுந்தோறும் அதன் செறிவு மிகுகிறது. இறுதியில் மீனுண்ணும் கழுகின் கொழுப்பில் தங்கி, டி.டி.இ. என்னும் பொருளாக மாறுகிறது. ஓட்டை உருவாக்கும் சுரப்பிக்குச் சுண்ணாம்புச் சத்துக் கிடைப்பதை இப்பொருள் தடுத்துவிடுகிறது. விளைவு யாதெனின், அடைகாக்கும் தாயின் எடையையே தாங்க மாட்டாது முட்டை நொறுங்கிவிடுகிறது.

மீட்சி

1963இல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக நாடு முழுவதிலும் 417 இணைகளே கூடு கட்டின. 1972இல் டி.டி.டி.யின் பொது உபயோகம் தடை செய்யப்பெற்றது. நியூயார்க் மாநிலத்தில் 1976 முதல் 1988 வரை, பெரும்பாலும் அலாஸ்காவினின்று கொணரப்பெற்ற 198 இளங்கழுகுகளைக் கோபுரக் கூடுகளில் வளர்த்துப் பறக்கவிட்டனர். 2007இல் இணைகள் 9,789 ஆகப் பெருகவே, அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து இப்பறவை நீக்கப்பெற்றது. 2021இல் வெளியான மதிப்பீட்டின்படி, அலாஸ்கா நீங்கலாக 3 லட்சத்து 16 ஆயிரத்துக்கு மேற்பட்ட கழுகுகள் இருந்தன. 2024 டிசம்பரில் இது சட்டப்படி தேசியப் பறவையாக்கப்பட்டது.

ஆயினும் அபாயம் முற்றும் நீங்கிவிடவில்லை. வேட்டையாடுவோர் எய்தும் ஈயக் குண்டுகள், விலங்கின் உடலில் துகள்களாகச் சிதறுகின்றன. அவர்கள் விட்டுச் செல்லும் குடல் முதலியவற்றைத் தின்னும் கழுகுகளின் உடலில் ஈயம் சேர்கிறது. 38 மாநிலங்களைச் சேர்ந்த 1,210 கழுகுகளைச் சோதித்து 2022இல் வெளியிடப்பெற்ற ஆராய்ச்சி, ஏறக்குறைய பாதிப் பறவைகளின் எலும்புகளில் நெடுநாளைய ஈய நச்சு இருந்ததைக் காட்டியது. செம்பினாலான குண்டுகளைப் பயன்படுத்தினால் இத்தீங்கைத் தவிர்க்கலாம்.

கழுகுகள் பறப்பதைக் கண்டு மட்டும் மனநிறைவு கொண்டிருந்தால், 1947இல் நேர்ந்த மாற்றத்தை எவரும் உணர்ந்திருக்க இயலாது. கூடுகளில் ஏறி எண்ணிய ஒரு முதியவரின் குறிப்பேடும், பேழைகளில் ஆண்டுக் குறிப்புடன் காக்கப்பெற்ற ஓடுகளுமே ஓரினத்தைக் காக்க வழிகாட்டின. இன்று எலும்பில் அளக்கப்பெறும் ஈயத்தின் கணக்கும் அத்தகைய எச்சரிக்கையேயாகும்.