மூடிய உறைக்குள் ஒரு வீடு

எடின்பரோவில் பழைய கல் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் ஒரு வீடு விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் முடிவான விலை இருக்காது. ‘2,00,000 பவுண்டுக்கு மேல்’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். எவ்வளவு மேல்? அதைக் கண்டுபிடிப்பது வாங்குபவர் பாடு. வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போனவர்கள் தங்கள் வழக்கறிஞர் மூலம் ‘எங்களுக்கும் விருப்பம் உண்டு’ என்று குறிப்பு அனுப்புவார்கள். நாலைந்து குறிப்புகள் சேர்ந்ததும் விற்பவர் தரப்பு ஒரு கெடு வைக்கும். பெரும்பாலும் நண்பகல் 12 மணி. அதற்குள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு தொகையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்தவர் எழுதியது யாருக்கும் தெரியாது. புரோக்கரை நடுவில் உட்காரவைத்து மூன்று நாள் இழுத்துப் பழகிய நமக்கு இதைக் கேட்டாலே மூச்சு முட்டும்.

ஸ்காட்லாந்தில் இது காலங்காலமாக நடப்பதுதான். ஆனால் அந்த ஒற்றைத் தொகைக்குப் பின்னால் நோபல் பரிசு வரை போன கணக்கு ஒன்று இருக்கிறது.

அந்த வீட்டுக்கு உங்கள் மனக்கணக்கு 2,40,000 பவுண்டு. அதையே எழுதினால், வீடு கிடைத்தாலும் உங்களுக்கு மிச்சம் ஒன்றுமில்லை. குறைத்து எழுதினால் மிச்சமாகும், வீடு கைநழுவலாம். எவ்வளவு குறைப்பது? கொலம்பியா பல்கலைக்கழகப் பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961இல் இதற்கு விடை எழுதினார். எல்லோருடைய மனக்கணக்கும் 2,00,000க்கு மேல் ஒரே சீராகப் பரவியிருக்கிறது, எல்லோரும் உங்களைப் போலவே யோசிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், விடை எதிர்பாராத அளவுக்கு எளிது. போட்டியில் இரண்டே பேர் என்றால், அடிவிலைக்கு மேலே இருக்கும் 40,000இல் பாதியைச் சேர்த்து 2,20,000 எழுதுங்கள். ஐந்து பேர் என்றால் ஐந்தில் நான்கு பங்கு: 2,32,000. கூட்டம் கூடக் கூட உங்கள் தொகை மனக்கணக்கை நெருங்க வேண்டும். (விக்ரிக்கு 1996இல் நோபல் அறிவித்தார்கள். மூன்றே நாளில் இறந்துபோனார்.)

இதுவரை சரி. ஆனால் அந்த 2,40,000 எங்கிருந்து வந்தது?

கூரை ஒழுகுமா, சுவருக்குள் ஈரம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது, பத்து வருஷம் கழித்து விற்றால் என்ன போகும் என்பதெல்லாம் யாருக்கும் நிச்சயமில்லை. ஒவ்வொருவரும் ஊகிக்கிறார்கள். ஊகத்தில் ஏலம் கேட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்டுகொண்டவர்கள் வீட்டுத் தரகர்கள் அல்ல, எண்ணெய்க் கம்பெனிப் பொறியாளர்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமையை மூடிய உறையில்தான் ஏலம் விட்டார்கள். ஏலத்தில் ஜெயித்த கம்பெனிகளுக்குக் கிடைத்த லாபம் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைவு. ஏன் என்று கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூவர் 1971இல் விளக்கினார்கள். கடலுக்கு அடியில் எவ்வளவு எண்ணெய் என்று பத்துப் பேர் ஊகிக்கிறார்கள். சராசரி சரியாகவே இருக்கலாம். ஆனால் ஏலம் சராசரிக்காரருக்குப் போவதில்லையே! மிக அதிகமாக ஊகித்தவருக்கு, அதாவது பெரும்பாலும் மேல்பக்கமாக மிக அதிகம் பிசகியவருக்குத்தான் போகிறது. இதற்கு ‘வென்றவர் சாபம்’ என்று பெயர்.

பேஸர்மன், சாமுவேல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் பாஸ்டனில் வணிக மேலாண்மை மாணவர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவை 1983இல் வெளியிட்டார்கள். ஜாடி நிறையச் சில்லறைக் காசு. வேறு ஜாடிகளில் விலை குறித்த காகிதக் கவ்விகள். ஒவ்வொரு ஜாடியின் மதிப்பும் மிகச் சரியாக 8 டாலர். எண்ணிப் பார்க்கக் கூடாது, கண்ணால் பார்த்து ஊகித்து, மூடிய ஏலத்தில் கேட்க வேண்டும். மாணவர்களின் சராசரி ஊகம் 5.13 டாலர்தான். ஜாடியைக் குறைத்தே மதித்திருக்கிறார்கள். அப்படியும் ஜெயித்தவர்கள் கொடுத்த சராசரி விலை 10.01 டாலர்! கூட்டமாகப் பார்த்தால் கஞ்சர்கள், ஜெயித்தவர் மட்டும் ஏமாளி.

ஆகவே கூட்டம் பெரிதாகும்போது, ‘நான் ஜெயித்தால் அதற்கு என் பிசகே காரணமாக இருக்கலாம்’ என்ற சந்தேகமும் பெரிதாக வேண்டும். எண்ணெய்ப் பொறியாளர்கள் சொன்னதும் அதுதான்: போட்டி அதிகமானால் தொகையைக் குறை. விக்ரியின் கணக்கோ கூட்டு என்கிறது. இரண்டும் சரி. ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலைமேல் உங்களுக்கு இருக்கும் ஆசை உங்களுடையது மட்டும். அங்கே விக்ரி பேசுகிறார். கூரையின் ஆயுள் எல்லோருக்கும் பொது; அங்கே சாபம் பேசுகிறது. வீடு என்பது இரண்டும் கலந்த சரக்கு என்பதால் சூத்திரம் கைவிட்டுவிடுகிறது.

மெல்போர்னில் சனிக்கிழமைகளில் வீட்டு வாசலிலேயே நின்று கூவி ஏலம் விடுவார்கள். அங்கே இந்தப் பயம் கொஞ்சம் குறையும். பக்கத்தில் நிற்பவர் எந்தத் தொகையில் பின்வாங்குகிறார் என்பதே ஒரு தகவல். ஸ்காட்லாந்தில் அந்த வேலையைச் செய்வது வீட்டு அறிக்கை. 2008 கடைசியிலிருந்து, விற்பவரே மதிப்பீட்டாளரை வைத்து வீட்டின் நிலையையும் மதிப்பையும் எழுதி வாங்கித் தர வேண்டும், சில விலக்குகள் தவிர. எல்லோரும் ஒரே தாளைப் படிப்பதால் ஊகங்கள் ஓரளவு நெருங்கி வருகின்றன. வங்கியும் பொதுவாக அந்த மதிப்பை வைத்தே கடன் கொடுக்கிறது; அதற்கு மேல் எழுதும் ஒவ்வொரு பவுண்டும் சொந்தப் பையிலிருந்து போக வேண்டும். பேராசைக்கு இதைவிட நல்ல கடிவாளம் எனக்குத் தெரியவில்லை.

குறிப்பு அனுப்பியவர்களில் சிலர் கடைசியில் எழுதாமலே இருந்துவிடுவார்கள்; குறிப்பு யாரையும் கட்டுப்படுத்தாது. எழுதுபவர்கள் முழு எண்ணைத் தவிர்த்து 2,31,057 என்பது போல எழுதுவதுண்டு. 2,31,000 எழுதியவரை அந்த 57 பவுண்டு வீழ்த்திவிடும். அதிகத் தொகைக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயமும் விற்பவருக்கு இல்லை. ரொக்கமாகக் கொடுப்பவரையோ, கேட்ட தேதியில் குடிவருபவரையோ தேர்ந்தெடுக்கலாம்.

தோற்றவர்கள் கொஞ்ச காலம் பொறுத்தால் போதும். விற்ற விலை நிலப் பதிவேட்டில் ஏறிவிடும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டாவதாக வந்த தொகை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறுபவர், தான் 57 பவுண்டு அதிகம் கொடுத்தாரா 20,000 அதிகம் கொடுத்தாரா என்பது தெரியாமலே கதவைத் திறக்கிறார்.