ஆமையை துபாய்க்குக் கூட்டிட்டுப் போகலாமா? முதல்ல அதோட முதுகைப் பாருங்க

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது"ன்னு ஒரு பழமொழி சொல்லுவாங்க. அமீனான்னா கோர்ட் உத்தரவோட ஜப்தி பண்ண வர்ற ஆள். ஆடிட்டர் தொழில்ல அமீனா கதை நிறையக் கேட்டாச்சு. ஆமைக் கதை எங்க ஆபீஸுக்கு வந்தது போன ஜூலையிலதான்.

வந்த தம்பி திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர். துபாயில ஒரு பையிங் ஆபீஸ்ல வேலை கிடைச்சிருந்தது. கிளம்பறதுக்கு முன்னாடி இன்கம் டேக்ஸ் ரிட்டர்ன் போட வந்திருந்தார். எல்லாம் முடிஞ்சு எந்திரிக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், எங்கிட்ட ஒரு ஆமை இருக்குங்க. காலேஜ் படிக்கறப்ப வாங்கினது. அதையும் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். எவ்வளவு செலவாகும்? ரீலொகேஷன் அலவன்ஸ்ல காட்டிக்கலாமுங்களா?"

அலவன்ஸ் கேள்விக்குப் பதில் சுலபம். ஒரே கம்பெனிக்குள்ள டிரான்ஸ்பர் ஆகும்போது பயணத்துக்கும் சாமான் பேக்கிங்குக்கும் தர்ற அலவன்ஸுக்கு, செலவு பண்ண அளவுக்கு வரிவிலக்கு உண்டு. வேற கம்பெனிக்கு மாறும்போது கிடைக்கிற ஜாயினிங் போனஸுக்கு அது பொருந்தாது. சரி, ஆமை எப்படி இருக்கும்னு போட்டோ கேட்டேன்.

மொபைலைப் பார்த்ததும் பேனாவைக் கீழ வெச்சுட்டேன். கறுப்பு ஓடு, ஒவ்வொரு மேட்டுலயும் நடுவுலேர்ந்து மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் மாதிரி விரியுது. நட்சத்திர ஆமை. கடையில எண்ணூறு ரூபாய்க்கு வாங்கினாராம். பில் இருக்கான்னு கேட்டேன் (தொழில் புத்தி!). சிரிச்சார்.

பில் எப்படி இருக்கும்? அந்த ஆமையை விக்கிறதே குற்றம். வாங்கறதும், வீட்ல வெச்சு வளக்கறதும் கூட குற்றம்தான். 1972-ம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல நட்சத்திர ஆமை முன்னாடி நாலாவது அட்டவணையில இருந்தது. 2022-ல சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1-லேர்ந்து முதல் அட்டவணைக்குக் கொண்டு வந்துட்டாங்க. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. தண்டனை குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில். அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. நம்ம ஆளுங்க அபராதத்தை மட்டும் பார்த்துட்டு "கட்டிட்டாப் போச்சு"ன்னு நினைப்பாங்க. இங்க செலவு அபராதம் இல்லீங்க. ஏர்போர்ட்ல ஒரு கேஸ் பதிவானா விசா, வேலை, போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட் எல்லாமே மாட்டிக்கும்.

ஏற்றுமதி நம்ம ஊருக்கு அத்துப்படி. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் எல்லாம் தூக்கத்துலயே போடுவோம். ஆனா இந்த ஆமைக்கு எந்தப் பேப்பரும் கிடைக்காது. உலக நாடுகள் சேர்ந்து போட்ட சைட்டிஸ் ஒப்பந்தத்துல, 2019 ஆகஸ்ட்ல ஜெனீவாவுல நடந்த கூட்டத்துல இதை முதல் பட்டியலுக்கு ஏத்தினாங்க. அதாவது வியாபாரத்துக்காக நாடு விட்டு நாடு போறது அடியோட தடை. "நான் விக்கலையே சார், என் செல்லப்பிராணிதானே"ன்னு தம்பி கேட்டார். வீட்ல வெச்சிருக்கிறதே சட்டப்படி இல்லைங்கும்போது ஏற்றுமதி அனுமதிக்கு எதைக் காட்டி விண்ணப்பிக்கிறது?

இவ்வளவு கெடுபிடி ஏன்னு தெரிஞ்சுக்கணும். இந்தியாவுல ஒரே ஒரு வியாபார மையத்துலேர்ந்து மட்டும் வருஷத்துக்குக் குறைஞ்சது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்படுதுன்னு 2015-ல வந்த ஒரு ஆய்வு கணக்குச் சொல்லுது. சென்னை, திருச்சி ஏர்போர்ட்ல சூட்கேஸுக்குள்ள துணியில சுத்திக் கடத்துற செய்தி அடிக்கடி படிச்சிருப்பீங்க. மலேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர் பக்கம் போகுது. அப்படிப் போய்ச் சேர்ந்து, சிங்கப்பூர்ல மீட்கப்பட்ட 51 ஆமைகளை 2018 நவம்பர்ல விமானத்துல பெங்களூருக்குத் திருப்பி அனுப்பினாங்க. சிங்கப்பூரோட ஏக்கர்ஸ் அமைப்பும் இங்க வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பும் கர்நாடக வனத்துறையும் சேர்ந்து பண்ணின வேலை. முறையான பேப்பரோட நாடு கடந்த நட்சத்திர ஆமைன்னு எனக்குத் தெரிஞ்சது இதுதான். அதுவும் உள்ள வர்றதுக்கு!

எல்லா ஆமையும் இப்படி இல்லை. காதுக்கிட்ட சிவப்புக் கோடு இருக்கிற, மீன் தொட்டிக் கடையில விக்கிற தண்ணி ஆமை அமெரிக்க இனம். அது எங்க போகலாம்ங்கறது நீங்க போற நாட்டைப் பொறுத்தது. சிங்கப்பூர்ல செல்லப்பிராணியா வளக்க அனுமதி உள்ள ரெண்டே ஆமை இனங்கள்ல அது ஒண்ணு. ஐரோப்பிய யூனியன்ல 2016-லேர்ந்து அது ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியல்ல இருக்கு, உள்ள கொண்டு வர முடியாது. ஆஸ்திரேலியாவுக்கு எந்த ஊர்வனத்தையும் செல்லப்பிராணியா கொண்டு போக முடியாது. ஆப்பிரிக்க சல்கட்டா ஆமை வெச்சிருக்கிறவங்க, 2024 பிப்ரவரியில வந்த விதிப்படி பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணியிருக்கணும். அப்புறம் இங்க சைட்டிஸ் ஏற்றுமதி அனுமதி, அங்க இறக்குமதி அனுமதி, டாக்டர் சர்டிபிகேட், அயாட்டா விதிப்படி கூண்டு. சல்கட்டா 50 வருஷத்துக்கு மேலயும் வாழும். உங்க ஹோம் லோன் 20 வருஷத்துல முடிஞ்சிடும், யோசிச்சு வாங்குங்க.

இதுல ஆடிட்டரா எனக்குக் கவலை தர்ற விஷயம் ஒண்ணு இருக்கு. அனுமதிக்காகப் பயணத்தைத் தள்ளிப் போடறது. வேலைக்காக வெளிநாடு போற இந்தியர், ஏப்ரல் 1-லேர்ந்து கணக்குப் பண்ணி அந்த வருஷம் 182 நாளுக்குக் குறைவா இந்தியாவுல இருந்தா என்.ஆர்.ஐ. கிளம்புற நாளையும் சேர்த்து எண்ணினா செப்டம்பர் 28 வரைக்கும் 181 நாள். செப்டம்பர் 29-ம் தேதி ஃப்ளைட் ஏறினா 182, அந்த வருஷம் முழுக்க நீங்க ரெசிடென்ட். துபாய்ச் சம்பளமும் இந்தியாவுல வரிக்கணக்குல வரும். துபாயில சம்பளத்துக்கு இன்கம் டேக்ஸ் இல்லைங்கறதால, அங்க கட்டினேன்னு இங்க கழிக்கவும் ஒண்ணும் இருக்காது. ஒரு அனுமதிச் சீட்டு ரெண்டு நாள் லேட்டானா ஆறு மாசச் சம்பளத்துக்கு வரி. பேப்பர் வரலைன்னா நீங்க முன்னாடி கிளம்புங்க, ஆமை வீட்ல அம்மாகிட்ட இருக்கட்டும், அப்புறமா கார்கோவுல வரட்டும்.

நம்ம தம்பிக்கு அந்த வழியும் இல்லை. "நொய்யல் கரையில விட்டுடட்டுமா சார்"ன்னார். வேண்டவே வேண்டாம்னேன். அது தரை ஆமை, வறண்ட முட்புதர்க் காட்டுல வாழ்ற ஜாதி, நீந்தத் தெரியாது. வீட்ல வளந்ததைக் கண்ட இடத்துல விட்டா சாகும், இல்லைன்னா நோயைப் பரப்பும். அம்மாகிட்ட விட்டுட்டுப் போனா குற்றம் அம்மா தலையில. ஒரு வக்கீலைப் பார்த்துப் பேசிட்டு, அவரோடயே வனத்துறை ஆபீஸுக்குப் போய் எழுதிக் குடுத்து ஒப்படைக்கச் சொன்னேன். நாமளே போய் ஒப்படைச்சா கேஸ் வராதுன்னு சட்டத்துல எழுதி வெக்கலை, அதனாலதான் வக்கீல். தம்பிக்கு முகம் சுருங்கிப் போச்சு. ஏழு வருஷம் கையில கீரை குடுத்து வளத்தவர். நான் வேற பக்கம் பார்த்துக்கிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு ஒப்படைச்சதுக்கான ரசீது போட்டோவை அனுப்பினார். "இதுக்குத்தான் சார் முதல் பில்"னு கீழ எழுதியிருந்தார். செப்டம்பர் 20-ம் தேதி கோயம்புத்தூர்லேர்ந்து ஷார்ஜா ஃப்ளைட். அங்க போய் ஒரு வாரத்துல அடுத்த கேள்வி வாட்ஸ்அப்ல வந்தது: "இங்க இருக்கிற சேவிங்ஸ் அக்கவுன்ட்டை என்.ஆர்.ஓ.வா மாத்தணுமுங்களா?" மாத்தணும். எப்படின்னு அடுத்த வீடியோவுல சொல்றேன்.