ஒரு பொலிகுதிரையின் தீவனக் கணக்கு

முகூர்த்த நாளில் மாலை ஏழு மணிக்கு ஹைதராபாத்தின் கொண்டாப்பூர் சாலையில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், ‘பாராத்’ என்னும் மாப்பிள்ளை ஊர்வலம் நகர்ந்தால்தான் நாமும் நகரலாம். போன மாதம் அப்படி நின்றபோது என் வண்டியை உரசிக்கொண்டு மாப்பிள்ளைக் குதிரை நின்றது. பாண்டு வாத்தியம் காதைப் பிளந்தது, அது அசையவில்லை. குதிரைக்காரர் துணிப்பையிலிருந்து ஊறவைத்த கொண்டைக்கடலையை ஒரு கை அள்ளி நீட்டினார். உதட்டாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது.

இதே தக்காணத்தில், ஏறக்குறைய 550 ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்திறங்கிய ஒரு பொலிகுதிரைக்கும் கடலைதான் தீனி. அதை ஓராண்டு வளர்த்த செலவுகூட எழுத்தில் இருக்கிறது: 68 ‘ஃபுதூன்’. நம் ‘பணம்’ என்ற நாணயத்தைத்தான் எழுதியவர் அப்படிக் குறிக்கிறார் என்பது உரைகாரர்களின் கருத்து.

எழுதியவர் அஃபனாசி நிகிதின். ரஷ்யாவில் வோல்கா ஆற்றங்கரையிலுள்ள த்வேர் நகரத்து வணிகர். 1470-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹோர்முஸ் துறைமுகத்தில் குதிரையோடு மரக்கலம் ஏறி, ஆறு வாரம் கழித்துக் கொங்கணக் கரையின் சௌலில் இறங்கினார். குதிரைக்கு அவர் செலவழித்தது 100 ரூபிள். இந்தியாவில் குதிரை பிறப்பதில்லை என்று எழுதும் அவர், நல்ல விலை போகும் என்று நம்பி வந்திருக்கலாம்.

ஜுன்னாரில் வந்தது வினை. அங்கே ஆட்சி செய்த அசத் கான் குதிரையைப் பறித்துக்கொண்டார். மதம் மாறினால் குதிரையும் 1,000 பொன்னும் உனக்கு; மாறாவிட்டால் குதிரையும் போகும், 1,000 பொன் தண்டமும் கட்ட வேண்டும் என்று நான்கு நாள் கெடு. குராசானைச் சேர்ந்த ஒரு அதிகாரி இடையில் புகுந்து குதிரையை மீட்டுக் கொடுத்தார். அடுத்து பீதர், பாமினி அரசின் தலைநகரம். அங்கே ஒரு வழியாகக் குதிரையை விற்றார். வாங்கியவர் யார் என்று அவர் எழுதவில்லை. குதிரையின் நிறத்தைக்கூடச் சொல்லாத மனிதர், தீவனச் செலவை மட்டும் மறக்கவில்லை. வியாபாரி அல்லவா!

அந்தத் தீவனத்தில்தான் அறிவியல் இருக்கிறது. இங்கே குதிரைகளுக்குக் கடலை போடுவதோடு, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிச்சடியும் காய்ச்சிக் கொடுக்கிறார்கள் என்று நிகிதின் எழுதுகிறார். அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு முன்பு பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, குதிரைக்குச் சோறும் இறைச்சியும் ஊட்டுவதைக் கண்டு திகைத்தார். அரச சகோதரர்கள் ஐவரும் ஆளுக்கு 2,000-க்கு மேல் வாங்கியும், ஆண்டு முடிவில் நூறுகூடத் தேறுவதில்லை என்பது அவர் கணக்கு. கொஞ்சம் மிகைதான், ஆனால் தப்பான தீனி குதிரையைக் கொல்லும் என்பது பொய்யில்லை.

குதிரையின் இரைப்பை உடம்புக்குப் பொருந்தாத அளவு சிறியது. மாட்டைப் போல அசை போடாது. வாந்தியும் எடுக்க முடியாது. புல்லின் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் சிறுகுடலுக்கு அப்பால், பெருங்குடல் பகுதியில் வாழ்கின்றன. சோறும் சர்க்கரையும் அளவு மீறினால், செரிக்காத மாவுச்சத்து அங்கே போய்ப் புளித்து அமிலமாகிறது. வயிற்றுவலி வரும். அதைவிடக் கொடுமை, குளம்புக்குள் எலும்பைத் தாங்கும் மெல்லிய திசு அழன்று பிரிந்துவிடும். நிற்க முடியாத குதிரை பிழைப்பது அரிது. செத்த குதிரைக்கு மாற்றுக் குதிரை மறுபடி கப்பலில் வரும். ஆகமொத்தம், அரபு வணிகருக்குக் கொண்டாட்டம்.

பிழைத்தவற்றின் வாரிசுகள் எங்கே? பீமா ஆற்றுப் பகுதியில் மேய்ப்பர்களின் தட்டுமுட்டுச் சாமான்களைச் சுமக்கும் ‘பீம்தடி’ மட்டக் குதிரைகளில் அரபு ரத்தம் கலந்திருக்கிறது என்பது பழைய நம்பிக்கை. சோதிக்க வழி உண்டு. ஒய் குரோமோசோம் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். வியன்னாவைச் சேர்ந்த பார்பரா வால்னர் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இன்றைய பெரும்பாலான குதிரை இனங்களின் தந்தைவழி, கடந்த 700 ஆண்டுகளுக்குள் பரவிய கீழைநாட்டுப் பொலிகுதிரைகளில் போய் முடிகிறது. அரபு வழி ஒன்று, துருக்மேன் வழி இன்னொன்று. இதில் ஒரு வேடிக்கை: வீட்டுக் குதிரைகளின் தாயகமே கீழ் வோல்கா–தோன் புல்வெளி என்று 2021-இல் ஒரு மரபணு ஆய்வு காட்டியது. நிகிதின் பயணம் கிளம்பியதும் அதே வோல்காவில்தான்.

ஆனால் ஒய் குரோமோசோம் குலத்தைக் காட்டுமே தவிர ஆளைக் காட்டாது. அண்ணன் தம்பி, பங்காளிகள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அச்சு. பீதருக்குப் பக்கத்து ஆளந்து சந்தைக்கு மட்டும் 20,000 குதிரைகள் வந்ததாக நிகிதினே சொல்கிறார். அந்தக் கூட்டத்தில் அவருடைய குதிரையின் வாரிசை எந்த ஆய்வகமும் பிரித்தெடுக்க முடியாது.

கொண்டாப்பூரிலிருந்து பீதர் காரில் மூன்று மணி நேரம்கூட இல்லை. போனால் கோட்டையோடு திரும்பாதீர்கள். பீமா கரை வரை போய், மந்தையோடு நடக்கும் மட்டக் குதிரைகளையும் பாருங்கள். கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: அவற்றில் ஆண்குதிரை தென்பட்டால், உடையவரிடம் கேட்டு, வேரோடு இருபது முப்பது பிடரி மயிரை ஓர் உறையில் போட்டு ஊரையும் தேதியையும் எழுதி வையுங்கள். டி.என்.ஏ. சோதனைக்கு அது போதும்.