சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு

எலும்பே, நலமா? - 9

போன வாரம் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றிப் பார்த்தோம். அப்படியானால் வளரும் பிள்ளைகளையெல்லாம் அந்த ஸ்கேன் மேசையில் படுக்க வைக்க வேண்டுமா? வேண்டாம். முதலில் குதிக்கச் சொல்லுங்கள்.

தேவை ஒரு சுவர், ஒரு சாக்பீஸ், ஒரு இஞ்ச் டேப். பிள்ளை சுவரையொட்டிப் பக்கவாட்டில் நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் கையை உயர்த்தி, சாக்பீஸ் பூசிய விரலால் ஒரு தீற்று வைக்கட்டும். பிறகு முழங்காலை மடக்கி, நின்ற இடத்திலிருந்தே எம்பி இன்னொரு தீற்று. மூன்று முறை குதித்து, அதிக உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தீற்றுக்கும் நடுவே 30 செ.மீ. இருக்கிறது, பிள்ளையின் எடை 45 கிலோ என்றால், 1999-ல் சேயர்ஸ் என்ற ஆய்வாளரின் குழு தந்த சூத்திரப்படி அந்தக் கால்களின் உச்சத் திறன் சுமார் 1,800 வாட். பெரியவர்களை வைத்துப் போட்ட சூத்திரம்தான். பிள்ளைகளுக்குத் தோராயமாகப் பொருந்தும்.

குதிப்பதற்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்? எலும்பை அதிகம் இழுப்பது உடல் எடையல்ல, தசை. விருட்டென்று சுருங்கும் தசை எலும்பை நொடிப்பொழுதில் வளைக்கிறது. அந்த வளைவை எலும்புக்குள் இருக்கும் செல்கள் உணர்ந்து, வேண்டிய இடத்தில் சுண்ணாம்பைச் சேர்க்கின்றன. டென்னிஸ் வீரர்களின் ராக்கெட் பிடிக்கும் கையெலும்பு மற்ற கையைவிடத் தடிமனாக இருப்பது இதனால்தான். அமெரிக்காவின் அயோவாவில் சிறுவயது முதல் தொடர்ந்து கவனிக்கப்பட்ட பிள்ளைகளில், 17 வயதில் குதிக்கும் திறன் கூடுதலாக இருந்தவர்களின் காலெலும்பும் உறுதியாக இருந்தது.

அதற்காக, குறைவாகக் குதிக்கும் பிள்ளைக்கு எலும்புத் தேய்மானம் என்று பயந்துவிடாதீர்கள். இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல. அதே 30 செ.மீ. குதிக்கும் 35 கிலோ பிள்ளைக்குக் கணக்கு 1,350 வாட்டில் நின்றுவிடும். எடையும் பருவமடைந்த வயதும் எண்ணை மாற்றிவிடும். அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், ஆறு மாதம் கழித்து அதே பிள்ளையின் புதுக் கோட்டோடு ஒப்பிடுங்கள். சின்ன விழுதலுக்கே அடிக்கடி எலும்பு முறிந்தால் சுவரை நம்பாமல் டாக்டரிடம் போங்கள்.

குதிப்பதை அளக்கச் சொல்வது நான் மட்டுமல்ல. அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2012 அறிக்கையில், இளையோரின் தசை வலிமையை அளக்கக் கைப்பிடி வலிமையையும் நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுவதையும் பரிந்துரைத்தது. நம் நாட்டின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தில் 4 முதல் 12-ம் வகுப்புக்கான உடற்தகுதிச் சோதனைப் பட்டியலில் 50 மீட்டர் ஓட்டம் உண்டு, 600 மீட்டர் உண்டு, தண்டால் உண்டு. குதித்தல் இல்லை.

எலும்பை வலுவாக்குவதில் வயது முக்கியம். கனடாவின் சஸ்காட்சவன் பல்கலைக்கழகம் 1991-ல் தொடங்கிய ஆய்வு சொல்வது: பெரியவரானபின் நம் எலும்பில் இருக்கும் தாதுவில் ஏறத்தாழ கால்பங்கு, இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. பெண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டரை வயதையொட்டி, பையன்களுக்குப் பதினான்கையொட்டி. அதாவது ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கத் தொடங்குவதும் அதே வகுப்புகளில்தான்.

அடுத்த வாரம்: நீச்சலும் சைக்கிளும் எலும்புக்கு ஏன் போதாது?

(தொடரும்)