கடலைக் கற்பிக்கும் பணி: பாகலூர்ப் பெற்றோருக்குச் சில சொற்கள்

பாகலூரில் கடல் இல்லை. நம் பிள்ளைகளுள் பலர் வேளாங்கண்ணித் திருப்பயணத்தின்போதுதான் கடலை முதன்முதலாகக் கண்டிருப்பர். அத்தகைய ஊரில் விலங்கியல் பயிலும் மகனோ மகளோ, 'கடல்வாழ் உயிரியல் கற்றுப் பல்கலைக்கழக ஆசிரியராக விரும்புகிறேன்' என்று கூறினால், பெற்றோர் என்ன விடையளிப்பது? 'பக்கத்தில் ஓசூர் சிப்காட் இருக்கக் கடலுக்கு ஏன் போகவேண்டும்?' என்ற கேள்வியே முதலில் எழும். மாத ஊதியத்தை நம்பி வாழும் குடும்பத்திற்கு இக்கேள்வி நியாயமானதே. எனவே இப்பணியின் நன்மையையும் இடரையும் ஒளிவுமறைவின்றி எடுத்துரைக்க விழைகிறோம்.

ஆறு சென்று சேருமிடம்

நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, நம் பாகலூர் வட்டாரத்தில் தமிழகத்துள் நுழைகிறது. கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. கடலூருக்குத் தெற்கே, வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் அமைந்த ஊர் பரங்கிப்பேட்டை. 1929இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இங்குதான் உள்ளது. விலங்கியல் பேராசிரியர் ஆர். வி. சேஷய்யா 1950களில் இதற்கு வித்திட்டார். 1960களில் பல்கலைக்கழக மானியக் குழு இதனை உயராய்வு மையமாக ஏற்றுக்கொண்டது.

கெலவரப்பள்ளி அணையில் கழிவுநீர் கலந்து நுரை பொங்குவதை நாம் அறிவோம். ஆற்றில் நாம் சேர்ப்பவற்றுள் ஒரு பங்கு கடலையும் சென்றடைகிறது. அதனால் மீனுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் நேர்வது யாது என்று கண்டறிவோர் இத்துறை ஆசிரியர்களே. ஆகவே இக்கல்வி நமக்குத் தொலைவானதன்று.

பணியின் தன்மை

இவ்வாசிரியருக்கு வகுப்பறை பாதி, சேறு பாதி. கடல் நீர் ஏறி வடியும் நேரமே அவருடைய கடிகாரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் முகத்துவார நீரின் உப்பு குறைகிறது, கோடையில் மிகுகிறது. அதற்கேற்ப அங்கு வாழும் உயிர்களும் மாறுகின்றன. எனவே ஓராண்டேனும் தொடர்ந்து அளந்தாலன்றி எதையும் துணிந்து கூற இயலாது.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபின், இம்மையத்தைச் சேர்ந்த கதிரேசன் என்னும் அறிஞர், இராஜேந்திரன் என்பவருடன் இணைந்து பரங்கிப்பேட்டைக் கரையோரத்தில் 18 சிற்றூர்களை ஆராய்ந்தார். பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகள் அலையின் அழிவைத் தணித்தன என்று அவர்கள் 2005இல் எழுதினர். கடலிலிருந்து ஊர் அமைந்த தொலைவும் நிலத்தின் உயரமுமே பெரிதும் காத்தன என்று வேறு அறிஞர்கள் 2006இல் மறுத்துரைத்தனர். தன் முடிவைப் பிறர் ஆராய்ந்து மறுக்கும்போது சினம் கொள்ளாது மீண்டும் சான்று தேடும் பொறுமை இப்பணிக்கு இன்றியமையாதது.

ஏறவேண்டிய படிகள்

பட்டப்படிப்பு 3 ஆண்டு, முதுகலை 2 ஆண்டு, முனைவர் பட்டம் குறைந்தது 3 ஆண்டு. பலருக்கு 5 ஆண்டும் ஆகும். மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பிற்பட்டோர்க்கும் பட்டியலினத்தார்க்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. 'நெட்' அல்லது 'செட்' தேர்விலும் வெற்றி பெறுதல் நன்று. உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் ஏழாவது ஊதியக் குழுவின்படி 57,700 ரூபாய்.

'நெட்' தேர்வில் உயர்ந்த இடம் பெற்று இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெறுவோர்க்கு, 2023 முதல் முதலிரு ஆண்டுகளில் மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் 42,000 ரூபாயும் கிடைக்கிறது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு இத்தேர்வே பெருந்துணை.

மறைக்கலாகாத இடர்கள்

இத்துறையில் ஆசிரியர் இடங்கள் மிகச் சில. முனைவர் பட்டம் பெற்ற பின்னும் குறைந்த ஊதியத்தில் கௌரவ விரிவுரையாளராய்க் காத்திருப்போர் நம் மாநிலத்தில் பலர். நிலையான பணியும் அசையாததன்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியுற்று, 2013இல் தமிழ்நாடு அரசின் பொறுப்பில் வந்தது. பின்னர் மிகையெனக் கருதப்பட்ட ஆசிரியர் பலர் அரசுக் கல்லூரிகளுக்கு மாற்றப்பட்டனர். ஒரே கதவை நம்பாது, 1947இல் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் போன்ற பிற வாயில்களையும் நோக்கி ஆயத்தமாதல் அறிவுடைமை. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அதற்கு ஆய்வு மையங்கள் உள்ளன.

பெற்றோர் செய்யத்தக்கவை

மூன்று வினாக்களைப் பிள்ளையுடன் அமர்ந்து பேசுங்கள். ஏறத்தாழ 28 வயதுவரை குடும்பம் அப்பிள்ளையின் ஊதியத்தை எதிர்பாராது இருக்க முடியுமா? உதவித்தொகை கிட்டாவிடில் மாற்று வழி என்ன? மகளாயின், திருமண அவசரத்தால் ஆய்வைப் பாதியில் நிறுத்தமாட்டோம் என்று உறுதி கூற இயலுமா? மூன்றாம் வினாவிற்கு விடை கூறவேண்டியவர் பெற்றோரேயன்றி மகளல்லள்.

அதன்பின் ஒருமுறை பரங்கிப்பேட்டைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். நீர் வடிந்த சேற்றில் முழங்கால்வரை இறங்கி மாணவர் மாதிரிகள் சேகரிப்பதைக் காணட்டும். கண்ட பின்னும் விருப்பம் குன்றாதிருப்பின், அது வெறும் ஆசையன்று என்று அறிந்து, துணிந்து வழியனுப்புங்கள்.