பழைய விமானமும் அதனை உடையாரும்

உடைமைகள் இருவகைப்படும். வாங்கிய அன்றே கவலை தீர்வன ஒருவகை. வாங்கிய அன்றே கவலை தொடங்குவன மற்றொருவகை. பழைய ஆகாய விமானம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அங்ஙனமாகவும், அறிவுடையோர் சிலர் பெரும்பொருள் கொடுத்து அதனை வாங்கிப் பேணுவது என்னை? இதனை ஒருசிறிது ஆராய்தல் தாம்பரத்தில் வாழும் நமக்குப் பொருத்தமேயாகும்.

நம் வட்டாரத்துக்கும் விமானத்துக்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று. 1910ஆம் ஆண்டிலேயே, சென்னையில் ஹோட்டல் நடத்திவந்த டி ஏஞ்சலிஸ் என்பார் சிம்சன் கம்பெனியில் ஒரு விமானம் செய்வித்துப் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். 1954இல் விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி தாம்பரம் விமானப்படை நிலையத்துக்கு வந்தது. 2024 அக்டோபர் 8ஆம் நாள் விமானப்படையின் ஆண்டுவிழா அணிவகுப்பும் இங்கேயே நிகழ்ந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னர் மெரீனாக் கடற்கரையில் நடந்த காட்சியில், இடிபோல் முழங்கிய ஜெட் விமானங்களுக்கிடையே ஹார்வர்டு, டக்கோட்டா என்னும் இரு முதியவையும் அமைதியாய்ப் பறந்து சென்றன.

டக்கோட்டாவின் வரலாறு அறியத்தக்கது. அக்குலத்தின் முதல் விமானம் அமெரிக்காவில் 1935 டிசம்பர் 17இல் பறந்தது. நம் கல்லூரி தாம்பரத்தில் குடிபுகுந்த 1937க்கு அது சற்றே மூத்தது. 1947 அக்டோபர் 27இல் சீக்கியப் படையினரை ஸ்ரீநகரில் இறக்கிக் காஷ்மீரத்தைக் காத்தவை டக்கோட்டாக்களே. பின்னாளில் அவை ஓய்வு பெற்று மறைந்தன. டக்கோட்டா ஓட்டிய விமானப்படை அதிகாரி எம். கே. சந்திரசேகர் என்பாரின் மைந்தர் ராஜீவ் சந்திரசேகர், சிதைந்து கிடந்த ஒன்றை 2011இல் வாங்கி, இங்கிலாந்தில் பல்லாண்டு செப்பனிடுவித்து, 2018இல் தந்தையின் பொருட்டு விமானப்படைக்கே நன்கொடையாக வழங்கினார். பரசுராமர் என்னும் பெயர் தாங்கிய அது, அவ்வாண்டு ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து பல நாடுகளைக் கடந்து, தானே பறந்து இந்தியா வந்து சேர்ந்தது. ஸ்ரீநகர் சென்ற முதல் டக்கோட்டாவின் நினைவாக விபி 905 என்னும் எண்ணும் அதற்கு இடப்பட்டது.

இனி, இத்தகைய விமானத்தை உடையார் சுமக்கும் பாரத்தைக் காண்போம். டக்கோட்டாவின் இரண்டு எஞ்சின்களில் ஒவ்வொன்றுக்கும் 14 சிலிண்டர்கள். சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள். ஆகவே 56 பிளக்குகளும் பார்க்கப்படல் வேண்டும். சிலிண்டர்கள் வட்டமாக அமைந்தவை. ஆதலின் எஞ்சின் சும்மா நிற்குங்கால் எண்ணெய் கசிந்து கீழுள்ள சிலிண்டர்களில் தங்கிவிடும். அஃது அறியாது விசையை முடுக்கினால், நசுங்காத எண்ணெயை நசுக்க முயன்று எஞ்சினின் உறுப்புக்கள் முறிந்துபோம். அதனாலேயே மெக்கானிக்குகள் புறப்படுமுன் விசிறியைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்கின்றனர். பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் அது ஏறக்குறைய 350 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். அதுவும் கார்களுக்கு வார்க்கும் பெட்ரோலன்று, விமானத்துக்கென்றே வடிப்பது. வாலிலும் இறக்கையிலும் திருப்புதற்கென அமைந்த பலகைகள் துணி போர்த்தவை. துணி நைந்தால் மாற்றல் வேண்டும். உடலோ அலுமினியம், நம்மூர்க் கடற்காற்றின் ஈரமும் உப்பும் அதனை அரிக்கும். உறுப்பொன்று பழுதுற்றால் கடையில் கிடைப்பதில்லை. தேடியெடுத்தல் வேண்டும், அன்றேல் புதிதாகச் செய்வித்தல் வேண்டும். செய்வித்த உறுப்பும் தகுதிச் சான்று பெற்றாலன்றி மாட்டலாகாது.

இத்துணைக்கும் மேலான பாரம் ஒன்றுண்டு. பறவாமல் நிறுத்திவைத்தால் பழைய விமானம் கெடும், பறந்தால் தேயும். செலவுக்கு அஞ்சிக் கொட்டகையில் பூட்டியவன் சில ஆண்டில் வெறுங்கூட்டினையே காண்பான். ஆகவே உடையவன் அதனை அளவாய்ப் பறக்கவிட்டுத் தேய்மானத்தை ஈடுசெய்துகொண்டே இருத்தல் வேண்டும்.

இன்பமோவெனின், அதுவும் இப்பாரத்தினுள்ளேயே இருக்கின்றது. 1931இல் தோன்றிய டைகர் மாத் என்னும் சிறு விமானத்துக்கு மேற்கூரை இல்லை. இறக்கைகள் மரத்தாலும் துணியாலும் ஆயவை. அதில் அமர்ந்தவன் காற்றை முகத்தில் உணர்ந்து, இறக்கைக் கம்பிகளின் ஓசையைக் கேட்டே வேகம் கூடிற்றா குறைந்ததா என்று அறிவான். டக்கோட்டா, வாலின்கீழ்ச் சக்கரமுடையது. தரையில் மூக்கை உயர்த்தி நிற்பது. இறங்குங்கால் ஓட்டுபவனது கால் சற்றே அயர்ந்தாலும் அது பக்கம் திரும்பிவிடும். கண்ணும் காதும் கையும் காலும் ஒருங்கே விழித்திருக்கும் இந்நிலையே ஓட்டுபவன் பெறும் பேறு. ஜே. ஆர். டி. டாட்டா 1932 அக்டோபர் 15இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அத்தபால் பின்னர்ச் சென்னை வரை வந்தது. அதன் ஐம்பதாம் ஆண்டில், தமது 78ஆம் வயதில், லெபர்டு மாத் என்னும் பழைய விமானத்தைத் தாமே ஓட்டி அவ்வழியே மீண்டும் வந்தார். விரைவையன்றோ உலகம் விரும்புகின்றது? அம்முதியவர் விரும்பியது விரைவன்று.

ஆயினும் ஒருவரது செல்வம் மட்டும் இவ்விமானங்களைக் காத்தல் அரிது. செல்வம் உறுப்பை வாங்கும். எஞ்சினின் ஒலியில் நோயறியும் செவியை வாங்காது. அச்செவி, முதிய மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இளைஞன் ஒருவன் பல்லாண்டு நின்று கற்பதனால் வருவது. அக்கல்வி அறுபடின், விமானம் காட்சிச்சாலையில் நிற்கும், வானில் நில்லாது. டக்கோட்டாவைத் தந்தவர் அதனைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாது, பேணவும் பறக்கவும் வல்ல பலருள்ள விமானப்படைக்கு அளித்தது இதனாற்றான் மிகச் சிறப்புடைத்து.

ஆகலின், பழைய விமானத்துக்கு உடையவர் என்பார் உண்மையில் அதன் காவலரே ஆவர். முன்னோர் செய்ததைக் கெடாது பெற்று, பின்னோர்க்குப் பறக்கும் நிலையில் ஒப்படைத்தலே அவர்தம் கடன். தொன்னூல்களை ஓதும் மாணாக்கராகிய நமக்கு இக்கடன் புதிதன்று. ஏடுகளும் பூட்டிவைத்தால் செல்லரிப்பவை. எடுத்து ஓதுவார் உள்ளளவுமே வாழ்பவை. தாம்பரத்து வானில் பழைய எஞ்சினொன்றின் ஒலி கேட்கும்போது, அதனைப் பறக்கவைத்த பல கைகளையும் நாம் நினைவோமாக.